செஞ்சாயம் தேடிய டாக்டர்

சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்ட ஆண்டர்சனின் கதை

சென்னையில், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதன் பெயர் செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரல்.

அதன் உள்ளே ஒரு வெள்ளைக்காரரின் சலவைக்கல் சிலை இருக்கிறது. அதைச் செதுக்கியவர் பிரான்சிஸ் சாண்ட்ரி. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பெரும் பெயர் பெற்ற சிற்பி அவர்.

சிலையாக இருப்பவர் போரில் வென்ற தளபதி அல்ல. நாட்டை ஆண்ட கவர்னரும் அல்ல. அவர் ஒரு டாக்டர். பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த டாக்டர் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் போட்டார். அது பூந்தோட்டம் அல்ல. மாந்தோப்பும் அல்ல. கள்ளித் தோட்டம்!

வயலில் கள்ளி முளைத்தால் வெட்டி எறிவார்கள். பெரிய பதவியில் இருந்த ஒரு டாக்டர், சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கள்ளியை வளர்த்தார். எதற்காக?

ஒரு பூச்சிக்குச் சாப்பாடு போடுவதற்காக!

அந்தப் பூச்சி வந்ததா? வந்தது. ஆனால் அவர் கேட்ட பூச்சி வரவில்லை. வந்த பூச்சி, அவர் நினைக்காத வேலையைச் செய்தது. அந்தக் கதைதான் இது.

சீமையிலிருந்து வந்தார்

ஆண்டர்சன் ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். எடின்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் 1738ஆம் ஆண்டு பிறந்தார். வைத்தியம் படித்தார். வாலிப வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவ வேலையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் சென்னை சிறிய பட்டணம். கோட்டையும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் ஊர். நுங்கம்பாக்கம் தனிக் கிராமம். அடையாற்றங்கரைச் சைதாப்பேட்டை பட்டணத்துக்கு வெளியே இருந்தது. தாம்பரம் பக்கம் ஏரியும் வயலும் புதர்க்காடுமாக இருந்தது.

ஆண்டர்சன் படிப்படியாக உயர்ந்தார். 1786ஆம் ஆண்டு சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அவர் மனம் முழுவதும் ஆஸ்பத்திரியில் இல்லை. செடியிலும் கொடியிலும்தான் இருந்தது.

நுங்கம்பாக்கத்தில் நிலம் வாங்கி, பெரிய தோட்டம் போட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிற கப்பல்களில் விதையும் கன்றும் வரவழைத்தார். கரும்பு, பருத்தி என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முசுக்கட்டைச் செடியை வளர்த்தார். வங்காளத்திலிருந்து பட்டுப் புழுவைக் கொண்டுவந்து, அந்த இலையைப் போட்டு வளர்த்தார்.

பட்டுப் புழுவுக்கு ஒரு குணம் உண்டு. பசியால் செத்தாலும் சாகுமே தவிர, முசுக்கட்டை இலையை விட்டு வேறு இலையில் அது வாழாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் சாவியே இதுதான்.

பூச்சியா? விதையா?

இன்று எந்த நிறச் சாயம் வேண்டுமானாலும் கடையில் கிடைக்கிறது. அன்று அப்படி இல்லை. நல்ல சிவப்புச் சாயம் கிடைப்பது அரிது.

ராஜாக்களின் அங்கி சிவப்பு. பாதிரிமார்களில் பெரியவர்களின் உடை சிவப்பு. ஆங்கிலப் படை அதிகாரிகளின் கோட்டும் சிவப்பு. வெளுக்காத அந்தச் சிவப்புக்கு ஒரு சரக்கு வேண்டும். அதன் பெயர் காச்சினீல்.

காச்சினீல் பார்ப்பதற்குக் காய்ந்த சிறு விதை போல இருக்கும். ஆனால் அது விதை அல்ல. ஒரு பூச்சியின் காய்ந்த உடல்.

மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியின் மேல் அந்தப் பூச்சி வாழ்கிறது. பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. கள்ளி மடலில் வாயைக் குத்திக்கொண்டு, சாற்றை உறிஞ்சியபடி உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். உடம்பை வெள்ளைப் பஞ்சு மூடியிருக்கும். விரலால் நசுக்கினால் ரத்தம் போலச் சிவப்பு வழியும்.

அதைத் துடைத்து எடுத்து, கொன்று, உலர்த்தினால் சாயச் சரக்கு. ஒரு பவுண்டு எடை சேருவதற்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்!

மெக்சிகோ அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. உயிருள்ள பூச்சி வெளியே போகாதபடி ஸ்பெயின்காரர்கள் காவல் வைத்தார்கள். அது பூச்சியா, விதையா என்பதே ஐரோப்பியர்களுக்கு நெடுங்காலம் தெரியவில்லை. ஸ்பெயின் வைத்த விலைதான் விலை. மற்ற நாடுகள் வயிறெரிந்தன.

1777ஆம் ஆண்டு, தியெரி என்ற பிரெஞ்சுக்காரர் மெக்சிகோவுக்குள் ரகசியமாகப் புகுந்தார். பூச்சி ஏறிய கள்ளி மடல்களைத் திருட்டுத்தனமாகக் கப்பலில் ஏற்றி, பிரெஞ்சுத் தீவு ஒன்றுக்குக் கொண்டு போனார். ஒரு பூச்சிக்காக மனிதர்கள் உயிரையே பணயம் வைத்த காலம் அது.

புல்லில் கண்ட பூச்சி

1786ஆம் ஆண்டு முடியும் சமயம். சென்னையில் ஒரு வகைப் புல்லின் மேல் சிறு பூச்சிகள் ஒட்டியிருப்பதை ஆண்டர்சன் பார்த்தார். நசுக்கினால் சிவந்த சாறு வந்தது.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பெயின்காரர் பூட்டி வைத்த புதையல் சென்னையிலேயே கிடக்கிறது என்று நினைத்தார்.

உடனே லண்டனுக்குக் கடிதம் எழுதினார். எழுதியது யாருக்கு? சர் ஜோசப் பாங்க்ஸ் என்பவருக்கு. கேப்டன் குக்கோடு உலகைச் சுற்றி வந்த தாவர அறிஞர் அவர். இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்குத் தலைவர். மன்னரின் கியூ தோட்டம் அவர் யோசனைப்படி நடந்தது.

கடிதம் கப்பலில் போய்ச் சேரப் பல மாதம். பதில் வரப் பல மாதம். ஆண்டர்சன் பொறுமை இழக்கவில்லை. கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். அவற்றை அச்சிட்டுப் புத்தகமாகவும் போட்டார்.

கடைசியில் தெரிந்தது: புல்லில் கண்ட பூச்சி காச்சினீல் அல்ல. அதன் தூரத்து உறவு. அதன் சாயம் துணியில் நிற்கவில்லை.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். ஆண்டர்சன் விடவில்லை. பூச்சி இங்கே இல்லையென்றால் அமெரிக்காவிலிருந்து வரவழைப்போம். அது வரும்போது பட்டினி கிடக்கக் கூடாது. முதலில் கள்ளியை வளர்த்து வைப்போம் என்று முடிவு செய்தார்.

சைதாப்பேட்டைத் தோட்டம்

கம்பெனி ஒப்புக்கொண்டது. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் உண்டாயிற்று. ஆண்டர்சனின் உறவினர் டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதற்கு மேற்பார்வையாளர் ஆனார்.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். சப்பாத்திக்கள்ளியை இந்த நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் ஆண்டர்சன் அல்ல. அமெரிக்காவுக்குப் போய்வந்த ஐரோப்பியக் கப்பல்களோடு அது முன்பே வந்துவிட்டது. வேலிக்கு நல்லது என்று ஜனங்களும் ஊரெங்கும் வைத்திருந்தார்கள்.

ஆனால் முன்பு வேலியோரத்தில் நின்ற செடிக்கு இப்போது ராஜ மரியாதை கிடைத்தது. கியூ தோட்டத்திலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் விதவிதமான கள்ளிகள் சைதாப்பேட்டைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான செடிகள் வரிசை வரிசையாக நின்றன. வெளியூர்களில் இருந்த கம்பெனி அதிகாரிகளுக்கும் ஆண்டர்சன் கள்ளியை அனுப்பினார்.

அதற்கு இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்தார். அந்த நாளில் மாதக்கணக்காகக் கப்பலில் போகும் மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற நோய் வரும். ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, பலர் செத்துப் போவார்கள். பச்சைக் காய்கறி சாப்பிடாததால் வரும் நோய் அது. கள்ளி மடல் பறித்து நாளானாலும் வாடாது. ஆகவே அதைக் கப்பலில் எடுத்துப் போய்க் கறியாகச் சமைக்கலாம் என்று ஆண்டர்சன் எடுத்துச் சொன்னார்.

ஆக, கள்ளித் தோட்டம் தயார். மருந்தும் தயார். பூச்சி மட்டும் வரவில்லை!

உயிருள்ள காச்சினீலைக் கொண்டு வருகிறவர்களுக்குப் பரிசு தருவதாகக் கம்பெனி அறிவித்தது. இலை போட்டாயிற்று, விருந்தாளியைக் காணோம் என்ற நிலையில் ஆண்டுகள் ஓடின.

வந்தது வேறு பூச்சி

1795ஆம் ஆண்டு. நீல்சன் என்ற ஆங்கிலேயக் கேப்டன் கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். கப்பல் வழியில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் நின்றது.

அங்கே கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு போர்த்திய பூச்சிகளை நீல்சன் பார்த்தார். பூச்சியோடு கள்ளியை எடுத்துக் கப்பலில் வைத்துக்கொண்டார். கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது சில பூச்சிகளே உயிரோடு இருந்தன.

கல்கத்தா தாவரத் தோட்டத்தில் அவற்றை நாட்டில் பரவியிருந்த கள்ளியின் மேல் விட்டார்கள். அவ்வளவுதான். சில பூச்சிகள் ஆயிரமாகி, ஆயிரம் லட்சமாயிற்று!

அதே ஆண்டில் பூச்சி சென்னைக்கும் வந்தது. ஆண்டர்சனின் ஒன்பது ஆண்டுக் கனவு கைக்கு வந்தது. அந்தப் பூச்சி வந்த கதையை அவர் உடனே அச்சிட்டு வெளியிட்டார்.

ஆனால் நடந்தது என்ன?

காச்சினீலில் பல வகை உண்டு. மெக்சிகோக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தது வீட்டு வகை. உருவத்தில் பெரியது. சாயம் அதிகம். நீல்சன் கொண்டுவந்ததோ காட்டு வகை. உருவத்தில் சிறியது. உடம்பில் பஞ்சு அதிகம், சாயம் குறைவு.

இங்கே எடுத்த சாயச் சரக்கு லண்டனுக்குப் போயிற்று. ஸ்பெயின் சரக்குக்கு முன்னால் அது நிற்கவில்லை. விலை கட்டவில்லை. கம்பெனி வியாபாரக் கம்பெனி. லாபம் இல்லாத இடத்தில் அது நிற்குமா? 1800ஆம் ஆண்டு சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடியது. அங்கிருந்த செடிகளைப் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள்.

அப்போது ஆண்டர்சனுக்கு வயது 62. பட்டுத் தொழிலும் அவர் எதிர்பார்த்தபடி நிலைக்கவில்லை. 1809ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம்முடைய 71ஆம் வயதில் சென்னையிலேயே அவர் காலமானார். அவரோடு வேலை பார்த்த மருத்துவர்கள் பணம் சேர்த்துச் சிலை வைத்தார்கள்.

செஞ்சாயக் கனவு அத்தோடு முடிந்தது. ஆனால் பூச்சியின் கதை முடியவில்லை.

தோற்ற பூச்சி ஜெயித்தது

தோட்டத்தை மூட உத்தரவு போடலாம். பூச்சிக்கு உத்தரவு போட முடியுமா? அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

குஞ்சுப் பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காற்று அதைத் தூக்கிப் போய் அடுத்த கள்ளியின் மேல் போடும். அங்கே அது உறிஞ்ச ஆரம்பிக்கும். மடல் மஞ்சளாகும். பிறகு சுருங்கும். கடைசியில் புதர் முழுவதும் அழுகிச் சரியும்.

பூச்சி விட்ட இடங்களில் எல்லாம் கள்ளி செத்தது. ஜனங்கள் இதைக் கவனித்தார்கள். சாயத்துக்கு உதவாத பூச்சி, கள்ளியை ஒழிக்க உதவும் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

கள்ளியை ஒழிப்பது அவ்வளவு கடினமா என்று கேட்கலாம். கடினம்தான். வெட்டினால் விழுகிற ஒவ்வொரு மடலும் மண்ணைத் தொட்டவுடன் வேர் விடும். ஒரு புதரை வெட்டினால் பத்துப் புதர் முளைக்கும். பழத்தைப் பறவை தின்று, விதையை ஊரெங்கும் போடும். ஆடு மாடு முள்ளுக்குப் பயந்து பக்கத்தில் வராது. பாம்புக்கும் எலிக்கும் அது கோட்டை. கள்ளி ஏறிய நிலத்தைக் குடியானவன் கைவிட வேண்டியதுதான். வரி கட்டும் நிலம் கண்ணெதிரே முள்காடாகும்.

1836 முதல் 1838 வரை, இந்தக் காட்டுப் பூச்சியைத் தென்னாட்டில் வேண்டுமென்றே கள்ளியின் மேல் விட்டார்கள். கள்ளி மடிந்தது. 1865ஆம் ஆண்டுக்குள் இங்கிருந்து இலங்கைக்கும் பூச்சியைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் கள்ளி மடிந்தது.

வேண்டாத செடியை அதன் எதிரிப் பூச்சியை விட்டு அழிக்கும் முறைக்கு உயிரியல் கட்டுப்பாடு என்று இன்று பெயர். உலகத்தில் அந்த முறை வேண்டுமென்றே கையாளப்பட்ட முதல் இடங்களில் ஒன்று நம் தென்னாடு. அந்தப் பூச்சி இந்தியாவில் கால் வைத்ததோ சிவப்புச் சாயத்துக்காக!

இரண்டாம் கள்ளி

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை.

முதல் கள்ளி போன இடத்தில் இன்னொரு கள்ளி பரவியது. அதுவும் அமெரிக்கக் கள்ளிதான். நாகதாளி என்றும் அதைச் சொல்வார்கள். மஞ்சள் பூ, நீண்ட முள், கருஞ்சிவப்புப் பழம். பழத்தைத் தின்ற பிள்ளைகளின் வாயெல்லாம் சிவந்திருக்கும்.

பழைய பூச்சியை இந்தக் கள்ளியின் மேல் விட்டால்? பிரயோஜனம் இல்லை. தொடாமல் இருந்தது! பட்டுப் புழு முசுக்கட்டை இலையை மட்டும் தின்பது போல, அந்தப் பூச்சி தன் கள்ளியில் மட்டுமே பிழைத்தது.

ஏறத்தாழ நூறு ஆண்டு காலம் நாகதாளி தென்னாட்டு நிலங்களை வளைத்துக்கொண்டது. கத்தியும் தீயும் தோற்றன.

1926ஆம் ஆண்டு, காச்சினீல் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். வட அமெரிக்காவில் பிறந்த பூச்சி அது. நாகதாளிதான் அதன் உணவு. ஐந்தாறு ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் நிலம் கள்ளியிலிருந்து விடுபட்டது. கைவிட்ட நிலத்தில் மறுபடியும் ஏர் ஓடியது.

இன்றும் ரயில் பாதை ஓரத்திலும் பொட்டல் காட்டிலும் சப்பாத்திக்கள்ளியைப் பார்க்கலாம். அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஊரை வளைக்கும் பலம் அதற்கு இல்லை. அடங்கி நிற்கிறது. அதுவே பெரிய வெற்றி.

ஆஸ்திரேலியா பட்ட பாடு

ஆண்டர்சனைப் போலவே சிவப்புச் சாயம் தேடிய இன்னொரு கூட்டமும் உண்டு. 1788ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறப் போன முதல் கப்பல்கள் வழியில் பிரேசிலில் நின்றன. அங்கிருந்து கள்ளியையும் காச்சினீலையும் எடுத்துப் போயின.

சாயம் அங்கேயும் கிடைக்கவில்லை. ஆனால் கள்ளிக்கு வழி திறந்துவிட்டது. அடுத்த நூற்றாண்டில் வேலிக்காகக் கொண்டுவந்த மற்றொரு கள்ளி, 1920-களில் சுமார் 6 கோடி ஏக்கர் நிலத்தைப் பிடித்துக்கொண்டது! குடியானவர்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் உலகமெல்லாம் தேடி, அர்ஜென்டினாவிலிருந்து ஒரு சிறு அந்துப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதன் புழுக்கள் கள்ளி மடலைத் துளைத்து உள்ளே இருந்தபடியே தின்னும். 1926ஆம் ஆண்டு முதல் அதை வெளியில் விட்டார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக்காடு சரிந்தது. நன்றி மறக்காத ஜனங்கள் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டினார்கள்!

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா நாட்டின் வட பகுதியில் ஏழை ஜனங்களுக்குக் கள்ளிப் பழம் சாப்பாடு. மடல் மாட்டுக்குத் தீவனம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய வியாபாரத்துக்காக அங்கே காச்சினீலைக் கொண்டுபோனார்கள். பூச்சி கைமீறிப் பரவியது. ஜனங்கள் நம்பியிருந்த கள்ளியைத் தின்று தீர்த்தது.

ஒரே பூச்சி. ஓர் ஊரில் நண்பன். இன்னோர் ஊரில் எதிரி!

ஆகவே இன்று எந்தப் பூச்சியையும் நீல்சனைப் போலக் கையில் எடுத்து வந்து விட்டுவிட முடியாது. முதலில் பூட்டிய அறையில் வைப்பார்கள். நெல், பருத்தி, காய்கறி என்று ஒவ்வொரு செடியாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். பசித்தாலும் பயிரைத் தொடாது என்று நிச்சயமான பிறகே வெளியில் விடுவார்கள். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இன்றைய முள்

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் வருகிறது. வழியில் காலி மனையைப் பார்த்தால் அங்கே நிற்பது சீமைக் கருவேலம். ஏரியைப் பார்த்தால் பல இடங்களில் மிதப்பது ஆகாயத் தாமரை.

இந்த இரண்டும் அந்நியச் செடிகள். இரண்டையும் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். ஆகாயத் தாமரையை அதன் பூவின் அழகுக்காக. சீமைக் கருவேலத்தை விறகுக்காக. சென்னை மாகாணத்தின் காட்டிலாகா அதிகாரி பெடோம் 1876ஆம் ஆண்டு அதன் விதையைக் கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டை ஒட்டிக் கடப்பைப் பகுதியில் விதைத்தார்கள். இன்று அது இல்லாத மாவட்டம் இல்லை.

ஆண்டர்சன் செய்ததும் இதுதான். ஒரு செடிக்கு என்ன பயன் என்று பார்த்தார். அதை யார் தின்பார்கள், யார் அடக்குவார்கள் என்று பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் அது தெரியாது. நமக்குத் தெரியும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிமரம் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழையில் முளைக்கும். ஆகவே ஒருமுறை இயந்திரத்தை விட்டு அள்ளினால் வேலை தீராது. பிடுங்கிய இடத்தை ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும்.

அதை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கம் அந்த விறகில் கரி மூட்டம் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்கள் பலர். அவர்களுக்கு வேறு வழி காட்டாமல் மரத்தை மட்டும் பிடுங்கினால் அடுப்பு எரியாது. தென் ஆப்பிரிக்காவில் இதே சிக்கல் வந்தபோது, மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் தின்னும் வண்டைக் கொண்டுவந்தார்கள். நிழலும் விறகும் இருக்கட்டும், பரவுவது மட்டும் குறையட்டும் என்பது அவர்கள் யோசனை.

தமிழ்நாடு அரசும் 2022ஆம் ஆண்டு, அந்நியச் செடிகளை அகற்றி, காடுகளை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவது பாதி வேலை. அந்த இடத்துக்கு உரிய மரம் செடிகளைத் திரும்ப வளர்ப்பது மறு பாதி.

வெற்றிடம் நிற்காது

முதல் கள்ளி செத்த இடத்தில் இரண்டாம் கள்ளி வந்தது ஏன்? இடம் காலியாக இருந்தது. அதுதான் காரணம். காலி நிலத்தைக் காலியாக விட்டால் முதலில் வந்து உட்காருவது முள்தான்.

நிலத்தை எப்படிக் காப்பது என்பதற்குத் தாம்பரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1937ஆம் ஆண்டு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தது. அதற்குக் கிடைத்த நிலம் 300 ஏக்கருக்கு மேல். எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர் அங்கே ரசாயனப் பேராசிரியர். பாடம் ரசாயனம் என்றாலும் அவர் பிரியம் தாவரங்கள் மேல். அந்த வளாகத்தின் பசுமையைப் பேணி வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1941ஆம் ஆண்டு அவர் இறந்தார்.

அவர் எங்கிருந்தோ ஓர் அதிசயச் செடியைக் கொண்டுவந்து புகழ் தேடவில்லை. ஆண்டர்சனைப் போலப் பெரிய கனவும் காணவில்லை. உள்ளதைக் காத்தார். சென்னையைச் சுற்றி ஒரு காலத்தில் இருந்த புதர்க்காடு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இன்றும் அந்த வளாகத்துக்குத்தான் போகிறார்கள். காரை, சூரை, பாலை என்று நம் பாட்டிமார் பெயர் சொல்லிக் கூப்பிட்ட செடிகள் வளரும் காடு அது.

ஆண்டர்சன் கெட்டவர் அல்ல. சோம்பேறியும் அல்ல. ஊருக்கு ஒரு தொழில் வரட்டும் என்று ஆண்டுக்கணக்காக உழைத்தவர். ஆனால் கள்ளிக்கு அவர் எண்ணம் தெரியாது. பூச்சிக்கும் தெரியாது. இடம் கிடைத்தால் வளரும். இரை கிடைத்தால் தின்னும்.

அந்நியச் செடியைக் கொண்டுவர ஒரு கப்பல் போதும். ஒரு நாள் போதும். அதை அடக்குவதற்கு முதல் கள்ளியில் சுமார் 40 ஆண்டு. இரண்டாம் கள்ளியில் இன்னும் 90 ஆண்டு ஆயிற்று. அந்தக் காலம் முழுவதும் முள் குத்தியது கம்பெனி டாக்டரின் காலில் அல்ல. நிலத்தை உழுதவன் காலில்.

நர்சரியில் அழகாக இருக்கிறதே என்று புதிய செடி ஒன்றை வாங்கும்போதும், மீன் தொட்டியில் மிதந்த செடியை ஏரியில் வீசும்போதும் ஒரு நிமிஷம் சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்தை ஒரே உத்தரவில் மூடினார்கள். கள்ளிக்கு அந்த உத்தரவு எட்டவே இல்லை.